சாம்பல்நிற வேட்டைக்குட்டி

வைமரானர் இனத்து நாய்க்குட்டி வரிகளோடு பிறக்கிறது. முதுகிலும் விலாவிலும் மங்கிய கருங்கோடுகள் ஓடும்; சில நாட்களுக்குள் அவை தடமின்றி மறைந்துவிடும். கண் திறக்கும்போது விழி வான்நீலமாக இருக்கும். வளர வளர அந்நீலம் கரைந்து, முதிர்ந்த நாயில் தேன்நிறமாகும். வெள்ளி போல் ஒளிரும் சாம்பல்நிற மேனி, நீல விழி, நீண்டு தொங்கும் காது, உடலுக்குப் பொருந்தாத பெரும் பாதம்: இவற்றைக் கண்டு மயங்கியே பலர் இக்குட்டியை வாங்குகின்றனர். மயக்கம் தெளிய நெடுநாள் ஆவதில்லை. மேசைக்கால் கடிபடும், காலணி இணையில் ஒன்று மட்டும் காணாமற்போகும், தோட்டத்தில் நேற்று நட்ட செடி இன்று வேர் மேலாகக் கிடக்கும், வீட்டார் குளிக்கச் சென்றாலும் கதவுக்கு வெளியே அழுகுரல் எழும். முதன்முறையாக நாய் வளர்ப்பவர் இவையனைத்தையும் குறும்பு என்று ஒன்றாகக் கட்டிவிடுகிறார். உண்மையில் இவற்றின் வேர்கள் வெவ்வேறு. அவற்றுள் மிகப் பல குட்டியின் பிடிவாதத்தில் இல்லை. ஜெர்மானியக் காடுகளில் அதன் முன்னோர் செய்த வேலையில் இருக்கின்றன.

முதலில் அந்நிறத்தைப் பார்ப்போம். ஏனெனில் இவ்வினத்தை எத்துணை இறுக்கமாகத் தெரிந்தெடுத்து வளர்த்தனர் என்பதற்கு நிறமே கண்கூடான சான்று. நாயின் மயிரில் கருமை தருவது மெலனின் என்னும் நிறமி. அந்நிறமி உருவாகும் வழியில் பங்கேற்கும் புரதம் ஒன்றில் மாற்றம் நேர்ந்தால் கருமை பழுப்பாகிறது. சாம்பல்நிற வைமரானர் நாய்கள் அனைத்தும் பெற்றோர் இருவரிடமிருந்தும் இப்பழுப்பு மரபணுவைப் பெற்றவை. இதனோடு முடிந்திருந்தால் அவை பழுப்பு நாய்களாகவே இருந்திருக்கும். இரண்டாவதாக இன்னொரு மரபணுவிலும் மாற்றம் உள்ளது. நிறமித் துகள்களை உயிரணுவின் நடுப்பகுதியிலிருந்து விளிம்புக்குச் சுமந்து செல்லும் பொறியமைப்பில் மெலனோபிலின் என்னும் புரதம் ஓர் இணைப்பாகப் பணியாற்றுகிறது. அது குறைபட்டால் துகள்கள் சீராகப் பரவாமல் ஆங்காங்கே திரண்டு நிற்கும். மயிருக்குள்ளும் கட்டி கட்டியாகவே சென்று சேரும். நிறமியின் அளவு பெரிதும் குறையாவிடினும், பரவல் குலைந்ததால் கண்ணுக்கு நிறம் வெளிறித் தோன்றுகிறது. வெளிறிய பழுப்பே நாம் காணும் வெள்ளிச்சாம்பல்.

இவ்விரு மாற்றங்களும் ஒடுங்கு பண்புகள். பெற்றோர் இருவரிடமிருந்தும் வந்தாலன்றி வெளிப்படா. ஓர் இனம் முழுவதிலும் இரண்டும் நிலைபெற வேண்டுமெனில், தலைமுறை தலைமுறையாக வேறு நிற நாய்களை இனச்சேர்க்கையிலிருந்து விலக்கியிருக்க வேண்டும். வேறு சில இனங்களில் இவ்வெளிறல் மரபணு மயிர் உதிர்வு நோயையும் உடன் கொண்டுவருவதுண்டு; வைமரானர் இனத்தில் அந்நோய் அரிதாகவே தோன்றுகிறது. மயிர் நீளத்தையும் ஓர் ஒடுங்கு மரபணுவே ஆள்கிறது. ஆகவே குட்டைமயிர்ப் பெற்றோர்க்கு நெடுமயிர்க் குட்டி பிறக்கக் கண்டு திகைக்க வேண்டியதில்லை. ஐரோப்பாவில் நெடுமயிர் வகையும் முறையாக ஏற்கப்பட்டதே.

நிறத்தின்மேல் இத்துணைக் கருத்துச் செலுத்தியோர் நடத்தையின்மேல் அதனினும் மிகுதியாகச் செலுத்தினர். இவ்வினத்தின் பெயர் ஜெர்மனியின் துரிங்கியப் பகுதியிலுள்ள வைமர் நகரிலிருந்து வந்தது. கவிஞர் கேத்தேயைப் போற்றிக் காத்த வைமர் கோமகன் கார்ல் ஆகஸ்ட் இந்நாயை உருவாக்கினார் என்றொரு கதை நெடுங்காலமாக வழங்குகிறது. எழுத்துச் சான்று ஏதும் அதற்கு இல்லை. அழகிய கதை என்ற அளவில் அதை விட்டுவிடலாம். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஜெர்மானிய வேட்டைக்காரர்களும் காடு காப்போரும் இந்நாயைப் பயன்படுத்தினர் என்பதும், 1897இல் இவ்வினத்துக்கெனத் தனிக் கழகம் தோன்றியது என்பதும் உறுதியானவை. அக்கழகம் வேட்டைத் திறன் ஆய்ந்தே இனச்சேர்க்கைக்கு இசைவளித்தது. குட்டிகளைக் கண்டவர் கையில் விடவில்லை. அமெரிக்காவின் ரோட் தீவைச் சேர்ந்த ஹோவர்டு நைட் 1929இல் இரு நாய்களைப் பெற்றார். வந்து சேர்ந்தபின்தான் தெரிந்தது, அவை இரண்டும் மலடாக்கப்பட்டவை என்று! மனந்தளராது முயன்ற நைட்டுக்கு இனம் பெருக்கவல்ல நாய்கள் 1938இல்தான் கிடைத்தன. 1943இல் அமெரிக்க நாயினக் கழகம் வைமரானரை ஏற்றது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஜெர்மனியிலிருந்து மீண்ட அமெரிக்கப் படைவீரர் பலர் இந்நாய்களைத் தம் நாட்டுக்குக் கொண்டுவந்தனர். 1950களில் அங்கே இதற்கு எழுந்த ஆர்வம் அளவு மீறியது. எதையும் செய்யவல்ல வியத்தகு நாய் என்று விற்றவர்கள் விளம்பரம் செய்தனர். வாங்கியவர்களோ அந்நாய்க்குச் செய்யத் தகுந்த வேலை எதையும் வைத்திருக்கவில்லை.

அவ்வேலை யாது என்பதை விரித்துக் கூறவேண்டும். ஓநாய் இரை கொள்ளும்போது ஒரு செயல் தொடர் நிகழ்கிறது: இரையை உணர்தல், கண்ணால் நிலைகுத்தல், பதுங்கி நெருங்குதல், துரத்தல், கவ்வுதல், கொல்லுதல், கிழித்து உண்ணுதல். நாயினங்களை உருவாக்கிய மாந்தர் இத்தொடரின் கண்ணிகளைத் தத்தம் தேவைக்கேற்பப் பெருக்கியும் சுருக்கியும் வந்தனர் என்று அமெரிக்க உயிரியலாளர் ரேமண்டு கோப்பிங்கர் விளக்கினார். ஆட்டுமந்தையை ஓட்டும் நாயிடம் நிலைகுத்தலும் துரத்தலும் ஓங்கின. கடியும் கொலையும் அடங்கின. மந்தையைக் காவல் காக்கும் நாயிடம் தொடர் முழுவதுமே தளர்ந்தது. சுட்டு வீழ்த்திய பறவையைக் கொணரும் நாய் கவ்வும். ஆனால் பல் பதியாது.

வைமரானரோ பல பணிகளுக்கு ஒருங்கே உருவாக்கப்பட்ட நாய். ஜெர்மானியக் காடு காப்போன் தனித்தனிப் பணிக்குத் தனித்தனி நாய் வைத்திருக்க வசதியற்றவன். புதரில் பறவை இருப்பதை மோந்து, முன்கால் ஒன்றை மடக்கி அசையாது நின்று காட்டவேண்டும். சுடப்பட்டதை நீரிலிருந்தும் முள்ளிலிருந்தும் கவ்விக் கொணரவேண்டும். அடிபட்டோடிய மானின் குருதித் தடத்தை மணிக்கணக்கில் பின்தொடர வேண்டும். நரி போன்ற ஊனுண்ணிகளைக் கண்டால் பின்வாங்காது தாக்கவேண்டும். இரவில் தலைவன் அருகே கிடந்து அவனைக் காக்கவேண்டும். ஆகவே இவ்வினத்தில் இரைகொள் தொடரின் கண்ணி எதுவும் அறுக்கப்படவில்லை. இதுவே இந்நாயின் பெருமை. வீட்டுக்குள் வரும்போது இதுவே இடர்.

வீட்டில் நடப்பதை இவ்வொளியில் காண்க. காலணியைக் கவ்விக்கொண்டு ஓடும் குட்டி திருடவில்லை. கொணர்தல் என்னும் கண்ணி விழித்துக்கொண்டது. நாம் கூச்சலிட்டுத் துரத்தினால், வேட்டையில் துணை சேர்ந்ததாக அது மகிழும்; அடுத்த முறையும் காலணியையே தேடும். தலையணையைக் கிழித்துப் பஞ்சைச் சிதறடிப்பது பறவையின் இறகைப் பிய்ப்பதற்கு நிகரான செயல். ஈரமண்ணில் குழி தோண்டுவது, மண்ணுக்குள் எலியோ புழுவோ விட்ட மணத்தைப் பின்தொடர்வது. தெருவில் ஓடும் மிதிவண்டியும் மட்டைப்பந்தும் பூனையும் துரத்தலைத் தூண்டுவன. இவற்றுள் முதல் மூன்றும் சிரித்துக் கடக்கத் தக்கவை. நான்காவது அன்று. கொல்லும் கண்ணியும் அறுபடாத இனம் இது. கோழியோ முயலோ வளர்க்கும் வீட்டார் குட்டியின் மழலையை நம்பி அவற்றை அதனோடு தனியே விடலாகாது. பூனையோடு சிறுவயது முதல் வளர்ந்த வைமரானர் அப்பூனையைப் பொறுத்துக்கொள்ளும். அயல்வீட்டுப் பூனைக்கு அவ்வுறுதி இல்லை.

கடிக்கு மட்டும் இன்னொரு வேரும் உண்டு. மூன்றாம் வாரம் தொட்டு முளைக்கும் 28 பால்பற்களும் ஊசி போன்ற கூர்மையுடையன. நான்காம் மாத அளவில் அவை விழத் தொடங்கி, ஏறத்தாழ ஏழாம் மாதத்துக்குள் 42 நிலைப்பற்கள் நிறைகின்றன. ஈறு நமைக்கும் அம்மாதங்களில் கடிக்கத் தடை விதிப்பது, மூச்சுக்குத் தடை விதிப்பதை ஒக்கும். எதைக் கடிக்கலாம் என்பதை மட்டுமே நாம் வரையறுக்க இயலும். கடினமான ரப்பர் பொம்மை, முறுக்கிய கயிறு, குளிரவைத்த கேரட் ஆகியவற்றை எட்டும் இடத்திலும், மின்கம்பியையும் காலுறையையும் எட்டா இடத்திலும் வைப்பதே முறை. காலுறை விழுங்கிக் குடல் அடைபட்டு அறுவைக்குச் சென்ற குட்டிகள் கால்நடை மருத்துவர்களுக்குப் புதியன அல்ல. வெங்காயம், உலர்ந்த திராட்சை, சாக்லேட், சைலிட்டால் கலந்த இனிப்பு ஆகியன நாய்க்கு நஞ்சு. சமையலறைக் குப்பைக்கூடைக்கு மூடி வேண்டும் என்பதை வேறு சொல்லவேண்டியதில்லை.

கையைக் கடித்தல் வேறு. ஒரே ஈற்றில் பிறந்த குட்டிகள் ஒன்றையொன்று கடித்து விளையாடுகையில், வலித்த குட்டி வீறிட்டு விளையாட்டை விட்டு விலகும். கடித்தது அளவைக் கற்கும். எட்டு வாரத்துக்கு முன்பே தாயையும் உடன்பிறந்தவற்றையும் பிரிந்த குட்டி இப்பாடத்தை முழுமையாகப் பெறாது. நம் வீட்டிலும் அதே முறை பயன் தரும்: பல் பட்டவுடன் விளையாட்டு முடியவேண்டும், நாம் எழுந்து விலகவேண்டும். மூக்கில் அடிப்பதும் வாயை இறுகப் பிடிப்பதும் கையை அஞ்சும் நாயை உருவாக்கும். அஞ்சிய நாயின் கடி, விளையாட்டுக் கடியினும் கொடிது.

குட்டியின் வாழ்வில் திரும்பி வராத காலம் ஒன்று உண்டு. அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்துப் பார் ஹார்பரில் ஜான் பால் ஸ்காட், ஜான் புல்லர் ஆகிய இருவரும் பல ஆண்டுகள் நாய்க்குட்டிகளை ஆராய்ந்து 1965இல் நூலொன்று வெளியிட்டனர். மூன்றாம் வாரம் முதல் ஏறத்தாழ 12ஆம் வாரம் வரை குட்டியின் மூளை புதியவற்றை அச்சமின்றி ஏற்கும் நிலையில் உள்ளது என்பது அவ்வாய்வின் தலையாய முடிவு. அக்காலத்தில் மாந்தரைக் காணாது வளர்ந்த குட்டிகள் பின்னர் மாந்தரை அணுகவே அஞ்சின. குழந்தை, முதியவர், குடை, மழைச்சட்டை, ஊர்தி ஒலி, பிற நாய் என உலகின் பொருள்கள் பலவற்றையும் இனிய சூழலில் அறிமுகம் செய்யவேண்டிய காலம் அது. காவல் இயல்பு கலந்த வைமரானருக்கு இது இரட்டிப்பாகத் தேவை. அயலாரை ஐயுறும் போக்கு அதன் குருதியிலேயே உள்ளது.

இங்கே ஒரு சிக்கல் எழுகிறது. 1970களின் இறுதியில் உலகெங்கும் பரவிய பார்வோ நச்சுயிரி இளங்குட்டிகளைக் கொல்வது. தாயிடமிருந்து பெற்ற எதிர்ப்பொருள் குட்டியின் உடலில் எஞ்சியிருக்கும் வரை தடுப்பூசி முழுப்பயன் தருவதில்லை. ஆகையால் 6 முதல் 8 வாரத்தில் தொடங்கி, 16ஆம் வாரம் வரையோ அதற்கு மேலுமோ, சில வார இடைவெளியில் ஊசியைத் திரும்பத் திரும்பப் போடுகின்றனர். பாதுகாப்பு முழுமையாகும் நாள் வரும்போது, உலகை அறியும் பருவம் கடந்துவிடுகிறது. இரண்டையும் இணைக்கும் வழி எளியது: தெருநாய்கள் நடமாடும் மண்ணில் குட்டியை இறக்காமல் கையில் தூக்கிக்கொண்டு உலகைக் காட்டுக; தடுப்பூசி போட்ட நாய்கள் உள்ள வீடுகளுக்கு அழைத்துச் செல்க. இவ்வினத்துக் குட்டிகள் சிலவற்றில் தடுப்பூசியை ஒட்டிக் காய்ச்சலும், நீளெலும்புகளின் முனைகளில் வலிமிக்க வீக்கமும் தோன்றியமை மருத்துவ ஏடுகளில் பதிவாகியுள்ளது. தடுப்பூசியைக் கைவிட இது காரணம் ஆகாது. குட்டி எவ்வினம் என்பதை மருத்துவர்க்கு உணர்த்தி, ஊசிகளின் இடைவெளியை அவரோடு கலந்து வகுத்துக்கொள்வதற்கும், ஊசிக்குப் பின் நொண்டலோ காய்ச்சலோ கண்டால் உடனே மருத்துவரிடம் செல்வதற்குமே இது காரணம்.

வீட்டுக்குள் சிறுநீர் கழித்தல் புதியவர்களை மிகவும் சோர்வடையச் செய்வது. அவர்கள் ஆறுதல் கொள்ள ஒரு செய்தி: அமெரிக்கக் குடியரசுத் தலைவர் ஐசனோவரின் வைமரானர் ஹைடி, வெள்ளை மாளிகையின் விலைமிக்க கம்பளத்தைக் கறைப்படுத்தியது; அதன்பின் கெட்டிஸ்பர்க்கில் இருந்த அவருடைய பண்ணைக்கு அனுப்பப்பட்டு, அங்கே மகிழ்ந்து வாழ்ந்தது. பிறந்த முதல் வாரங்களில் குட்டியால் தானே கழிக்கவும் இயலாது. தாய் நக்கித் தூண்டினால்தான் கழிவு வெளிப்படும். அடக்கும் ஆற்றல் மெல்ல மெல்லவே அமையும். உறக்கம் கலைந்ததும், உணவுண்ட சற்று நேரத்திலும், விளையாட்டின் நடுவிலும் உந்துதல் எழும். இம்மூன்று வேளையும் வெளியே கொண்டுசென்று, கழித்தவுடன் அவ்விடத்திலேயே பாராட்டிச் சிறு தின்பண்டம் தருவதைவிடச் சிறந்த முறை ஏதுமில்லை.

பின்னர் வந்து கறையைக் காட்டித் திட்டுவது பயனற்றது. திட்டும்போது குட்டி தலை தாழ்த்திக் கண்ணைத் திருப்புகிறதே, அது குற்ற உணர்வன்றோ என்று பலர் கேட்பர். நியூயார்க்கின் பர்னார்டு கல்லூரியைச் சேர்ந்த அலெக்சாண்ட்ரா ஹோரோவிட்ஸ் 2009இல் இதை ஆய்ந்து எழுதினார். தின்னக்கூடாது என்று விலக்கிய பண்டத்தை நாய் தின்றதா இல்லையா என்பது அம்முகத்தை முடிவு செய்யவில்லை. உரிமையாளர் திட்டினாரா இல்லையா என்பதே முடிவு செய்தது. தவறே செய்யாத நாயும் திட்டு வாங்கியபோது அதே முகம் காட்டியது. குட்டி படிப்பது நம் சினத்தை. தன் செயலை அன்று.

வைமரானரை வளர்த்தோர் எல்லோரும் முதலில் பேசுவது அதன் ஒட்டுதலைப் பற்றியே. அறைக்கு அறை தொடரும். உட்கார்ந்தால் பாதத்தின்மேல் படுக்கும். வேட்டைக்காரன் அருகே பணிபுரிந்து, இரவில் அவன் வீட்டிலேயே உறங்கிய நாயின் வழித்தோன்றலுக்கு இது இயல்பே. நாயும் தலைவனும் கண்ணோடு கண் நோக்கும்போது இருவர் உடலிலும் ஆக்சிடோசின் என்னும் இயக்குநீர் உயர்கிறது என்றும், மாந்தர் வளர்த்த ஓநாய்களிடம் அவ்வாறு நிகழ்வதில்லை என்றும் ஜப்பானின் அசாபு பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் 2015இல் அறிவித்தனர். தாய்க்கும் சேய்க்கும் இடையே பிணைப்பை வளர்க்கும் இயக்குநீரே இது. இப்பிணைப்பின் மறுபுறமே பிரிவுத் துயர்.

தனியே விட்ட நாய் வீட்டைச் சிதைத்தால், அது சலிப்பா அச்சமா என்று முதலில் அறியவேண்டும். இரண்டுக்கும் மருந்து வேறு. சலிப்புற்ற குட்டி நெடுநேரம் உறங்கும். பின் எழுந்து, கைக்குக் கிடைத்ததை எங்கு வேண்டுமானாலும் கிடந்து கடிக்கும். அஞ்சிய குட்டியோ நாம் வெளியேறிய சில மணித்துளிகளிலேயே தொடங்கிவிடும். கதவு நிலையும் சன்னல் விளிம்புமே அதன் இலக்கு. எச்சில் வழியும், ஓலமிடும், வைத்துவிட்டுச் சென்ற உணவைத் தொடாது. கைப்பேசி ஒன்றைப் பதிவுக்கு வைத்துவிட்டுச் சென்றால் உண்மை விளங்கிவிடும். சலிப்புக்கு வேலை கொடுத்தால் போதும். அச்சத்துக்கு அவ்வாறன்று. குட்டி கலங்கத் தொடங்கும் முன்பே திரும்பி வருமாறு, நொடிகளில் தொடங்கிப் பிரிவை மெல்ல மெல்ல நீட்டவேண்டும். சாவியை எடுத்தல், செருப்பு அணிதல் போன்ற முன்குறிகளை, வெளியே செல்லாமலே பலமுறை செய்து பொருளற்றவை ஆக்கவேண்டும். கூண்டில் பூட்டிவைப்பதை அச்சத்துக்கு மருந்தாக எண்ணுதல் தவறு. திகிலுற்ற நாய் கம்பியைக் கடித்துப் பல்லையும் நகத்தையும் இழக்கும். கதவைத் திறந்தே வைத்துப் பழக்கிய கூண்டு, குட்டி தானாக நாடும் உறங்கிடமாகும். அது வேறு பயன். குட்டி வந்த முதல் வாரமே, அனைவரும் வீட்டில் இருக்கும்போதே, சிறு சிறு தனிமையைப் பழக்குவது பின்னாளின் துயர் பலவற்றைத் தவிர்க்கும். விடுப்பு எடுத்துக்கொண்டு நாள் முழுதும் மடியில் வைத்திருந்துவிட்டு, விடுப்பு முடிந்த அன்று ஒன்பது மணிநேரம் கதவைச் சாத்திச் செல்வது கொடுமையாகும். அன்பின் மிகுதியால் நேர்வதாயினும் கொடுமையே.

கற்பித்தலில் இவ்வினம் விரைவானது. வேண்டாதவற்றையும் அதே விரைவில் கற்கும் என்பதுதான் தொல்லை. இன்பம் தந்த செயல் மீண்டும் நிகழும் என்று 1898இல் உளவியலாளர் எட்வர்டு தார்ண்டைக் தம் விலங்காய்வுகளால் காட்டினார். பின்வந்த உளவியலாளர் ஸ்கின்னரின் ஆய்வுகள் அதனினும் நுட்பமான ஒன்றைக் காட்டின: எப்போதும் பரிசு பெற்ற செயலினும், எப்போதாவது பரிசு பெற்ற செயலே எளிதில் அழியாது. உணவு மேசை அருகே கெஞ்சும் குட்டிக்கு ஒன்பது நாள் மறுத்துப் பத்தாம் நாள் ஒரு துண்டு தருபவர், கெஞ்சலை உறுதிப்படுத்துகிறார். வீட்டார் அனைவரும் ஒரே விதியைக் கடைப்பிடிக்க வேண்டும் என்பதன் அடிப்படை இதுவே. வழக்கமாக அவ்விதியை உடைப்பவர் தாத்தா. வலியும் அதட்டலும் கலந்த பயிற்சியைப் பெற்ற நாய்களின் உமிழ்நீரில் தகைவு இயக்குநீரான கார்ட்டிசால் பயிற்சிக்குப் பின் மிகுந்ததையும், பரிசு வழி பயின்றவற்றில் அவ்வாறு நேராததையும் போர்ச்சுகலில் நடந்த ஆய்வொன்று 2020இல் தெரிவித்தது.

வேலை என்று கூறும்போது பலர் ஓட்டத்தை மட்டுமே எண்ணுகின்றனர். வளர்ந்த வைமரானருக்கு நாள்தோறும் இரண்டு மணிநேர ஓட்டமும் நடையும் மிகை அல்ல. குட்டிக்கோ எலும்பு முனைகளிலுள்ள வளர்தட்டுகள் இறுகி மூட ஓராண்டுக்கு மேலும் ஆகலாம். அதுவரை மிதிவண்டியோடு ஓடவிடுவதும், படிக்கட்டில் ஏறி இறங்கச் செய்வதும், பந்துக்காக மீண்டும் மீண்டும் தாவச் செய்வதும் மூட்டுக்குத் தீங்கு. ஓட்டத்தால் மட்டுமே களைப்பூட்ட முயல்வோர், மேலும் ஓடவல்ல உடலையே உருவாக்குவர்.

மூக்குக்கு வேலை கொடுப்பதே அறிவுடைமை. மாந்தரின் மூக்கில் மண உணர் உயிரணுக்கள் சில பத்து இலக்கம். நாயின் மூக்கிலோ 20 கோடிக்கும் மேல் என்பர். இழுத்த காற்றின் ஒரு பகுதி மூச்சுக்குச் செல்லாமல் மணவுணர் அறைக்கெனத் தனியே பிரிந்து செல்கிறது. வெளிவிடும் காற்று மூக்கின் பக்கப் பிளவுகள் வழியே வெளியேறுவதால் முன்னிருந்து வரும் மணம் கலைவதில்லை. இப்பொறியைக் கழுத்துவாரால் இழுத்து இழுத்துத் தரையிலிருந்து பிரித்துக் கூட்டிச் செல்வதை நாம் நடைப்பயிற்சி என்கிறோம். முன்னர்க் கூறிய ஹோரோவிட்ஸ், சார்லட் துராந்தனோடு இணைந்து 2019இல் வெளியிட்ட ஆய்வில், இரு வாரம் மோப்பத் தேடல் பயின்ற நாய்கள், தலைவனை ஒட்டி நடக்கப் பயின்றவற்றினும் நம்பிக்கை மிக்க மனநிலையைக் காட்டின. உணவைத் தட்டில் கொட்டாமல் புல்வெளியில் தூவுக; கந்தல் துணியில் சுருட்டி ஒளித்துத் தேடச் செய்க; கையுறை ஒன்றை அறையில் மறைத்துக் கொணரப் பழக்குக. கால் மணிநேரத் தேடல் தரும் நிறைவான களைப்பை நெடுநேர ஓட்டமும் தருவதில்லை. தேடி முடித்த குட்டி தூங்கும். அத்தூக்கமும் தேவையே, ஏனெனில் இளங்குட்டிக்கு நாளில் 18 மணிநேர அளவு உறக்கம் வேண்டும். மாலையில் வெறிபிடித்தாற்போல் ஓடிக் கடிக்கும் குட்டிகள் பல, உண்மையில் உறக்கம் போதாத குட்டிகளே.

உடல்நலத்தில் ஒன்றை மட்டும் வலியுறுத்த விரும்புகிறேன். ஆழ்ந்த மார்புக்கூடு கொண்ட இவ்வினத்தில் இரைப்பை காற்றால் உப்பித் தன் அச்சில் முறுக்கிக்கொள்ளும் நோய் மிகுதி. வயிறு புடைத்தல், வாந்தி எடுக்க முயன்றும் ஒன்றும் வராமை, நிலைகொள்ளாமை ஆகியன அதன் அறிகுறிகள். காலை வரை பார்ப்போம் என்று இருத்தல் கூடாது. சில மணிநேரத்தில் உயிர் போகும். நாளுக்கு ஒருமுறை பேருணவு தருவதை விடுத்துப் பிரித்துத் தருவதும், விழுங்கும் விரைவைக் குறைப்பதும் இடரைத் தணிக்கும்.

ஏழெட்டு மாதத்தில், கற்றதையெல்லாம் குட்டி மறந்தாற்போல் தோன்றும். பிரிட்டனின் நியூகாசில் பல்கலைக்கழகத்து லூசி ஆஷரும் துணைவரும், வழிகாட்டி நாய்களாக வளர்க்கப்பட்டவற்றைப் பின்தொடர்ந்து 2020இல் ஒன்று கண்டனர். அமர் என்னும் ஆணைக்கு ஐந்து மாதத்தில் பணிந்த நாய்கள், எட்டு மாதத்தில் தம்மை வளர்ப்பவரின் ஆணைக்குக் குறைவாகவே பணிந்தன. அயலார் ஆணைக்கு அவ்வாறு குறையவில்லை. குமரப்பருவம் என்பது மாந்தர்க்கு மட்டும் உரியதன்று. முதன்முறையாக வளர்ப்போர் பலர் நாயைக் கைவிடுவதும் இப்பருவத்தில்தான். 30 கிலோவை எட்டும் உடல், குட்டியின் மூளை, முழுவளர்ச்சி பெற்ற வேட்டை வேட்கை ஆகிய மூன்றும் ஒருசேர எதிர்நிற்கும். பொறுத்து, முதற்பாடங்களை மீண்டும் தொடங்கினால் இரண்டாம் ஆண்டில் அமைதி பிறக்கும்.

தகுதியற்றோர் கைக்கு நாய் செல்லாதவாறு காத்த பழைய ஜெர்மானியக் கழகத்தின் கடுமை இன்று பலருக்குச் செருக்காகத் தோன்றலாம். அக்கழகம் நாயின் பக்கம் நின்றது என்றே நான் கருதுகிறேன். முதன்முறை வளர்ப்போர் இந்நாயைத் தொடவே கூடாது என்று கூறேன். முன்னறிவை விட நேரமே இங்குப் பெருந்தேவை. நாள்தோறும் காலையும் மாலையும் ஒரு மணிநேரம் வெளியே செல்ல இயலுமா, பகலில் வீட்டில் எவரேனும் இருப்பரா, 10 முதல் 13 ஆண்டுகள் இவ்வொழுங்கு குலையாதிருக்குமா என்று வீட்டார் அனைவரும் அமர்ந்து எண்ணுக. இவற்றுள் ஒன்றுக்கு இல்லை என்று விடை வந்தாலும், வெள்ளிச்சாம்பல் மேனியையும் நீல விழியையும் படத்தில் கண்டு மகிழ்க; குட்டியை வாங்காதீர்.